விளையாட்டும் மெய்ம்மையும்: ஜான் ஆலன் அமைத்த மலைநாடு

உள்ளதை உள்ளவாறு உரைப்பதை உலகியல் வழக்கு என்றும், சுவை தோன்றப் புனைந்துரைப்பதை நாடக வழக்கு என்றும் தமிழ் இலக்கண மரபு பிரித்துக் காட்டும். இவ்விரண்டும் தம்முள் கலந்து நிற்பதே புலவர் கைக்கொள்ளும் நெறி என்பது தொல்காப்பியர் கொள்கை. கவிதைக்கெனச் சொல்லப்பட்ட இக்கொள்கை, சொல்லால் அமையாத கலைகளுக்கும் பொருந்துமா என்ற வினா எழலாம். மரத்துண்டும் சுண்ணச்சாந்தும் உலோகமும் கொண்டு அமெரிக்க நாட்டில் ஒருவர் ஒரு மலைநாட்டையே படைத்து, அதனூடே கையடக்கமான தொடர்வண்டிகளை ஓடவிட்டார். அப்படைப்பைக் குறித்து எழுந்த வாதமும் இதே வினாவைச் சுற்றியதாகவே அமைந்தது. அவர் பெயர் ஜான் ஆலன். மாதிரி இருப்புப்பாதைக் கலையில் ஈடுபட்டோர் அனைவரும் அறிந்த பெயர் அது. அத்துறைக்கு வெளியே உள்ளவர்கள், குறிப்பாகக் கவிதையோடு உறவுடையவர்கள், அறிந்துகொள்ளத்தக்க வாழ்வும் அவருடையது.

கலையின் களம்

சிறுவர்க்கான விளையாட்டுப் பொருளாய்த் தோன்றிய மாதிரி இரயில், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெரியவர்களின் கைவினையாக வளர்ந்தது. 1934 ஜனவரியில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரிலிருந்து 'மாடல் ரயில்ரோடர்' என்னும் திங்களிதழ் வெளிவரத் தொடங்கிற்று. மறு ஆண்டே இத்துறையினருக்கெனத் தேசியச் சங்கம் ஒன்றும் அந்நகரில் பிறந்தது. ஒருவர் செய்த பெட்டி மற்றொருவர் அமைத்த பாதையில் தடையின்றி ஓட வேண்டுமெனில் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் பொது அளவுகள் வேண்டும். அவ்வளவுகளை வகுத்தது அச்சங்கமே. யாப்பிலக்கணம் தோன்றிய பின் பாட்டு வளர்வது போல அளவுகள் நிலைபெற்ற பின் இக்கைவினை விரைந்து வளர்ந்தது.

எச்.ஓ. என்று வழங்கும் அளவு அவற்றுள் மிகுதியும் பரவியது. இவ்வளவில் உண்மையான பொருள் எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருங்கும். ஆறடி உயர மனிதன் ஏறத்தாழ 21 மில்லிமீட்டர் உயரமே இருப்பான். ஆனால் ஒரு மைல் தூரம் இவ்வளவில் சுருங்கிய பின்னும் 60 அடிக்குக் குறையாது. முப்பது அடி நீளமுள்ள பெரிய கூடம் கூட அவ்வுலகில் அரை மைல் மட்டுமே. எனவே மூலத்தை முற்றும் பின்பற்றிச் சிறுவடிவம் செய்வது வண்டிக்கு இயலும், நிலப்பரப்புக்கு இயலாது. எதனை வைப்பது, எதனை விடுவது என்ற தெரிவு எவருக்கும் தவிர்க்க முடியாததாகிறது. கலை நுழையும் வாயில் அதுவே.

இவ்வாயிலில் இருவகையினர் நின்றனர். ஒரு சாரார் எந்த இரயில் நிறுவனத்தின் எந்த ஆண்டு வண்டியைப் படைக்கிறோம் என்று வரையறுத்துக்கொண்டு, வரைபடங்களையும் நிழற்படங்களையும் சான்றாகக் கொண்டு, ஆணித்தலை எண்ணிக்கையும் தவறாமல் செய்தனர். மற்றொரு சாரார் எந்நிலப்படத்திலும் இல்லாத ஓர் இருப்புப்பாதையைத் தாமே கற்பித்து, அதற்கு ஊரும் பெயரும் வரலாறும் தந்தனர். நியூ ஆர்லியன்சில் வாழ்ந்த ஃபிராங்க் எல்லிசன் இரண்டாம் சாராருக்கு முன்னோடி. நாடக அனுபவம் உடைய அவர், 1944இல் 'மாடல் ரயில்ரோடர்' இதழில் எழுதிய தொடர் கட்டுரைகளில் காட்சியமைப்பை அரங்கமாகவும் வண்டிகளை நடிகர்களாகவும் கால அட்டவணையைக் கதைப்போக்காகவும் கண்டார். அந்த அரங்கில் அடுத்து வந்தவர் ஜான் ஆலன்.

ஒளிப்படக் கலைஞரின் கண்

ஜான் விட்பி ஆலன் 1913 ஜூலை 2ஆம் நாள் மிசூரி மாநிலத்தின் ஜோப்ளின் நகரில் பிறந்தார். இளமையில் வந்த முடக்குக் காய்ச்சல் அவருடைய இதயத்தைத் தாக்கி, அதனை வாழ்நாள் முழுவதற்கும் வலுவிழக்கச் செய்தது. உடலை வருத்தும் தொழில்கள் அவருக்கு விலக்காயின. கலிபோர்னியாவில் புகைப்படத் தொழிலை மேற்கொண்டு அதில் தேர்ந்தார். ஒளி எங்கிருந்து விழுகிறது, நிழல் எங்கே கனக்கிறது, பழைய சுவருக்கும் புதிய சுவருக்கும் நிறம் எவ்வாறு வேறுபடுகிறது என்பனவற்றை அவர் கண்ணுக்குப் பயிற்றியது அத்தொழிலே. பின்னாளில் அவர் செய்த சிறுவடிவங்களின் சிறப்புக்கெல்லாம் அடிப்படை அவருடைய கை நுட்பம் மட்டுமன்று. பார்க்கக் கற்ற கண்ணும் ஆகும்.

முதலீடுகளிலிருந்து அளவான வருவாய் அமைந்ததால், 1946 அளவில் தொழிலிலிருந்து விலகிப் பசிபிக் கரையிலுள்ள மாண்டரே நகரில் குடியேறினார். ஜான் ஸ்டைன்பெக் 1945இல் வெளியிட்ட 'கேனரி ரோ' நாவலால் இலக்கிய வாசகர் அறிந்த ஊர் அது. முப்பத்துமூன்று வயதில் ஒருவர் தொழிலை விட்டு விளையாட்டை மேற்கொண்டார் என்று ஊரார் நினைத்திருக்கக்கூடும். எஞ்சிய ஆயுள் எவ்வளவு என்று சொல்ல இயலாத இதயத்தோடு வாழ்ந்த ஒருவர், அதனைத் தமக்கு மிக விருப்பமான ஒன்றில் செலவிடத் துணிந்தார் என்பதே பொருந்தும்.

அவர் முதலில் அமைத்தது ஏறத்தாழ மூன்றரை அடி அகலமும் ஏழடிக்குச் சற்றுக் குறைந்த நீளமும் உடைய சிறிய மேடையே. அதனை விரித்து இரண்டாவது அமைப்பாக்கினார். 1953இல் மாண்டரேயில் ஒரு வீட்டை வாங்கி, அதன் கீழ்த்தளம் முழுவதையும் மூன்றாவது அமைப்புக்கு ஒதுக்கினார். அடுத்த இருபது ஆண்டுகள் அவர் உழைப்பெல்லாம் அங்கேதான். மற்றவர் மேசையளவு உயரத்தில் மலைகளை வைத்த காலத்தில், அவர் தரையிலிருந்து கூரை வரை மலையை எழுப்பினார். பள்ளத்தாக்கின் அடி பார்ப்பவரின் காலடியில் கிடக்கும். பாலம் தலைக்கு மேலே செல்லும். எட்டடி உயரம் எச்.ஓ. அளவில் ஏறத்தாழ 700 அடி மலைக்குச் சமம். பார்ப்பவர் மேலிருந்து குனிந்து நோக்கும் பொம்மை நாடாக இராமல், அண்ணாந்து பார்க்கும் நாடாக அது அமைந்தது. அளவில் சிறியதைப் பெருமிதம் உடையதாக்கும் வழியை ஆலன் இவ்வாறு கண்டறிந்தார்.

பெயரில் ஒளிந்த நகை

அந்நாட்டின் இருப்புப்பாதைக்கு அவர் இட்ட பெயர் 'கோர் அண்ட் டாஃபெட்டிட்'. பார்வைக்கு அது இரண்டு ஊர்களை இணைக்கும் கண்ணியமான பெயர். அமெரிக்க இரயில் நிறுவனங்களுக்கு அவ்வாறு பெயரிடுவதே வழக்கம். அதனை உரக்கப் படித்தால், குருதி தோய்ந்து தோற்றுப்போனது என்ற பொருள் தரும் ஆங்கிலத் தொடர் காதில் விழும். மலையேறும் வழியில் 'ஏக்கின்பேக்' என்றோர் ஊர். படித்தால் முதுகு வலி என்று கேட்கும். அப்பாதையோடு சேர்ந்த குறும்பாதையின் பெயரில் வரும் 'ஹெலன்கான்' என்பது, எவரும் போய்ச்சேராத தொலைவைக் குறிக்கும் ஆங்கில வழக்கின் ஒலி. எழுத்தில் ஒரு பொருளும் செவியில் மற்றொரு பொருளும் தரும் இவை, சிலேடையில் பழகியவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாதவை.

நகை பெயரோடு நிற்கவில்லை. நிலையங்களிலும் தெருக்களிலும் நின்ற சிறு மனித உருவங்களிடையே, நெருங்கிப் பார்ப்போருக்கு மட்டும் தெரியும் வேடிக்கைக் காட்சிகள் இருந்தன. அவற்றுள் மிகவும் புகழ்பெற்றது எம்மா. பெட்டிகளை இடம் மாற்றும் சிறு எஞ்சின் நிற்க வேண்டிய இடத்தில், முதுகில் தகடுகள் நிரம்பிய ஸ்டெகோசாரஸ் என்னும் தொல்விலங்கு ஒன்று நின்றது. 13 என்ற எண்ணும் அதற்கு இடப்பட்டிருந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மறைந்த விலங்கு இரயில் நிறுவனத்தின் ஊழியராகப் பணிபுரிந்தது.

மெய்ம்மையால் பெற்ற உரிமை

இத்தகைய வேடிக்கையைக் கண்டோர் இது விளையாட்டுப்பிள்ளையின் வேலை என்று எளிதில் ஒதுக்கியிருக்கலாம். அவ்வாறு ஒதுக்க இயலாமற் போனதற்குக் காரணம், எம்மாவைச் சூழ்ந்திருந்த அனைத்தும் ஐயத்துக்கு இடமின்றி மெய்யாக இருந்தமையே.

அக்கால மாதிரி வண்டிகள் கடையிலிருந்து வந்தபடியே பளபளத்தன. உண்மையான நீராவி எஞ்சின் அவ்வாறு இராது. புகைக்கரி படியும், நீர் கசிந்த இடத்தில் வெண்கறை தங்கும், சக்கரத்தருகே புழுதி ஏறும், மரப்பெட்டி வெயிலில் வெளுக்கும், தகரக் கூரை துருவேறும். இம்முதுமையைச் சிறுவடிவத்தில் கொண்டுவரும் முறையை வளர்த்து, கட்டுரைகளாலும் படங்களாலும் பரப்பிய முன்னோடிகளுள் ஆலன் தலையாயவர். இன்று மூலத்தை அணுவளவும் பிசகாமல் பின்பற்றுவோர் எவரும் இம்முறையைக் கைவிடுவதில்லை. கற்பனைப் பாதை அமைத்தவர் என்று குறைகூறப்பட்டவரே மெய்ம்மையாளரின் முதற்கருவியை வகுத்தளித்தார் என்பது நினைக்கத்தக்கது.

தொலைவைக் காட்டுவதற்கும் அவர் வழி கண்டார். அண்மையில் உள்ள வீடும் மரமும் முழு அளவில் இருக்க, பின்னே செல்லச் செல்ல அவற்றைச் சிறிதாகச் செய்தார். சில அடி ஆழமே உள்ள காட்சி பல கல் தூரம் விரிவதாகக் கண்ணுக்குத் தோன்றியது. பாலத்தின் அடியிலோ கட்டடத்தின் பின்னோ ஒளித்து வைத்த கண்ணாடிகள், முடியும் தெருவை முடியாத தெருவாக்கின. இவை ஒளிப்படக் கலைஞரின் உத்திகள். அளவுகோல் கொண்டு பார்த்தால் பொய். கண் கொண்டு பார்த்தால் மெய்.

பாதையின் இயக்கத்திலும் அவர் ஒழுங்கைக் கைவிடவில்லை. நண்பர்கள் கூடும் நாட்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. வண்டிகள் வட்டமிட்டு ஓடுவதில்லை. சரக்கை ஓரிடத்தில் ஏற்றி ஓரிடத்தில் இறக்கும் உண்மையான பணியைச் செய்தன. பெட்டிகளை இடம் மாற்றும் இப்பணியின் நுட்பத்தை மட்டும் பிரித்தெடுத்து, 'டைம்சேவர்' என்ற புதிரையும் அவர் அமைத்தார். சிறிய பலகையில் ஐந்து கிளைப்பிரிவுகள், குறுகிய தண்டவாளங்கள், குறைந்த நேரத்தில் பெட்டிகளை உரிய இடங்களில் சேர்க்க வேண்டும். சித்திரகவியின் கட்டுப்பாட்டையும் அதனால் விளையும் இன்பத்தையும் ஒருங்கே உடைய விளையாட்டு அது. 1972 நவம்பர் 'மாடல் ரயில்ரோடர்' இதழில் அது வெளியாயிற்று.

அவருடைய நாட்டைக் கண்ணால் கண்டவர் சிலரே. படத்தால் கண்டவர் ஏராளம். நீண்ட நேரம் ஒளி விழச் செய்து, மிகச்சிறிய துளை வழியே எடுத்த அவருடைய படங்களில் அண்மையும் சேய்மையும் ஒருங்கே தெளிவாக விளங்கின. மாதிரி இரயில் தயாரித்த வார்னி நிறுவனத்தின் விளம்பரங்களாக 1950களில் அப்படங்கள் திங்கள்தோறும் வாசகர் கைக்கு வந்தன. விளம்பரப் பக்கத்தை வெட்டிச் சேர்த்து வைக்கும் வழக்கத்தை அவை உண்டாக்கின.

எழுந்த வாதம்

ஆலனின் புகழ் வளர்ந்தது போலவே அவர்மீது கூறப்பட்ட குறையும் வளர்ந்தது. இவ்வளவு செங்குத்தான மலையில் எந்த நிறுவனம் பாதை போடும், இத்தனை பாலங்களுக்கு எவர் பணம் தருவார், சிறிய ஊருக்குள் இவ்வளவு காட்சிகள் நெருங்கிக் கிடக்குமா என்று மூலநெறியினர் வினவினர். அவ்வினாக்களில் நியாயம் உண்டு. உண்மையான இருப்புப்பாதை பெரும்பாலும் சமவெளியில், ஆரவாரமின்றி, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது. அந்த எளிமையின் அழகை ஆலனின் மலைநாடு காட்டவில்லை.

அதனைக் காட்டியவர்கள் பின்னர் வந்தனர். ஆலன் மெக்கிளெலண்ட் என்பவர் ஒஹையோ மாநிலத்தில் அமைத்த 'வர்ஜீனியன் அண்ட் ஒஹையோ' கற்பனைப் பாதைதான். ஆயினும் உண்மையான நிறுவனங்களின் பாதைகளோடு இணைந்து, உண்மையான நிலக்கரி நாட்டின் வழியே, நடந்திருக்கக்கூடியதாகவே அமைந்தது. 1970களின் பிற்பகுதியில் அதைப் பற்றி வெளிவந்த கட்டுரைகள் பலரை அவ்வழியில் திருப்பின. ஜாக் பர்ஜஸ் இன்னும் ஒரு படி சென்று, கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கு இருப்புப்பாதையை 1939 ஆகஸ்டு மாதத்தில் இருந்தவாறே படைக்க முனைந்தார். மறைந்துபோன ஒரு பாதையின் ஒரு மாதத்தை மீட்டெடுப்பதும் அன்பின் செயலே. மறுபுறம், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஜார்ஜ் செலியோஸ் ஆலனையே ஆதர்சமாகக் கொண்டு, 1985இல் தொடங்கி, பொருளாதார வீழ்ச்சிக் கால நகரம் ஒன்றைத் துருவும் கறையும் நெரிசலுமாகப் படைத்தார்.

மூலநெறியினர் கூறியதைவிடக் கடுமையான குறை ஒன்றைக் காலமே காட்டியது. ஆலனின் நிலப்படத்தில் இருந்த பெயர்களுள் சில அமெரிக்கத் தொல்குடி மக்களை நகையாடுவன. அக்காலத்துத் திரைப்படங்களிலும் பிறவற்றிலும் மலிந்திருந்த அத்தகைய கேலியை அவர் சிந்தியாமல் ஏற்றுக்கொண்டார் எனலாம். இன்று அப்பெயர்களைப் படிப்போர் சிரிப்பதில்லை. நகை பிறக்கும் களன் நான்கு என்பது தொல்காப்பியம். எள்ளலும் இளமையும் அவற்றுள் அடங்கும். எம்மா இளமையில் பிறந்தவள். எண்பது வயது முதியவரையும் சிறுவராக்கும் ஆற்றல் அவளுக்கு இன்றும் உண்டு. எளியோரை எள்ளிப் பிறந்த பெயர்களுக்கு அந்த ஆயுள் கிடைக்கவில்லை. துருவையும் புழுதியையும் அத்துணைக் கூர்ந்து நோக்கிய கண், அம்மக்களை அவ்வாறு நோக்கவில்லை. ஆலனின் கற்பனை எங்கே தவறியது என்று கேட்டால், அது மெய்ம்மையைக் கூர்ந்து நோக்கத் தவறிய இடத்திலேயே தவறியது என்பது விடை.

தீயும் எஞ்சியதும்

1973 ஜனவரி 6ஆம் நாள், வலுவிழந்திருந்த அந்த இதயம் நின்றது. ஆலனுக்கு அப்போது வயது ஐம்பத்தொன்பது. இருபது ஆண்டுகள் உழைத்த மலைநாடு நிறைவை நெருங்கியிருந்தது. முற்றும் நிறைவு பெறவில்லை. அதனை என் செய்வது என்று நண்பர்கள் எண்ணியிருந்த பத்தாம் நாள், அக்கீழ்த்தளத்தில் தீப்பற்றியது. தரையிலிருந்து கூரை வரை எழுந்த மலைகளும், பாலங்களும், ஊர்களும் பெரும்பாலும் அழிந்தன. படைத்தவருக்குப் பின் படைப்பு பத்து நாள்கூட நிலைக்கவில்லை.

ஆயினும் ஆலனின் நாடு அறியப்படாமல் மறையவில்லை. 'மாடல் ரயில்ரோடர்' இதழின் ஆசிரியராக 1961 முதல் 1977 வரை பணியாற்றிய லின் வெஸ்ட்காட், ஆலனின் படங்களையும் குறிப்புகளையும் தொகுத்து ஒரு நூலை உருவாக்கினார். 1980இல் அவரும் மறைந்தார். நூல் 1981இல் வெளிவந்தது. படைத்தவரும் தொகுத்தவரும் காணாத அந்நூலின் வழியாகவே, ஆலன் மறைந்த பின் இத்துறைக்கு வந்தவர்கள் அந்நாட்டில் நடமாடினர்.

அந்நூலில் உள்ள ஒரு படத்தைப் பார்ப்பவருக்கு, அது மாதிரியின் படமா, எங்கோ இருந்த மலையின் படமா என்று ஒரு கணம் தெரிவதில்லை. இல்லாத பொருளை உவமையாக்குவதை இல்பொருள் உவமை என்று அணி நூலார் வகுத்தனர். உவமையாக வரும் பொருள் உலகில் இல்லையாயினும், அதனை ஆக்கும் உறுப்புகள் உலகில் உள்ளனவே. கதிர் உண்டு, தாமரை உண்டு. இரண்டையும் புலவன் புதிதாய் இணைக்கிறான். உறுப்புகள் மெய்யாய் அமைந்தாலன்றி இணைப்பு நம்பப்படுவதில்லை. கோர் அண்ட் டாஃபெட்டிட் அத்தகைய ஓர் இல்பொருள். அதன் துரு மெய், நிழல் மெய், சரக்கு ஏற்றி இறக்கும் உழைப்பு மெய். இவற்றை நேர்மையாகச் செய்து முடித்தவருக்கே ஒரு தொல்விலங்கைப் பணியில் அமர்த்தும் உரிமை கிடைத்தது.

மெய்ம்மையாளர்களும் கற்பனையாளர்களும் இன்றும் வாதிடுகின்றனர்; இனியும் வாதிடுவர். அவ்வாதத்தின் இருபுறத்தாரும் ஆலனிடமிருந்து எதையோ பெற்றவர்கள். ஒரு சாரார் அவரிடம் துருவைக் கற்றனர். மற்றொரு சாரார் சிரிப்பைக் கற்றனர். இரண்டையும் ஒரே கையால் செய்த மனிதர் எரிந்துபோன தம் மலைநாட்டை மீண்டும் காணவில்லை. காண வேண்டிய துன்பமும் அவருக்கு நேரவில்லை. எஞ்சிய படங்களில் ஒன்றில் எம்மா இன்னும் நிற்கிறாள், அடுத்த பெட்டியை இழுக்கக் காத்துக்கொண்டு.